கடல் கண்ட தகுதி

"அவர்களுக்குத் தகுதி இல்லை; திறமை போதாது!" உரிமை கேட்போரை நோக்கி ஆதிக்கக்காரர்கள் பாடும் பழைய பல்லவி இது. நாட்டுக்கு நாடு மெட்டு மாறும்; பாட்டு மாறாது. அந்தப் பாட்டைப் பொய்யாக்கிய ஒரு சிறு கப்பலின் வரலாற்றை நம் தோழர்கள் அறிந்துகொள்வது நலம்.

1942-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கே வந்து எண்ணெய்க் கப்பல்களையும் சரக்குக் கப்பல்களையும் மூழ்கடித்தன. அவற்றை விரட்டச் சிறு காவற்கப்பல்கள் நூற்றுக்கணக்கில் கட்டப்பட்டன. அவற்றுள் ஒரு வகை, 173 அடி நீளமே உடையது. சோனார் கருவி நீருக்குள் அனுப்பும் ஒலி, எதிரியின் மேல் மோதித் திரும்புவதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இடத்தைக் கணித்து, நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகளைப் போட வேண்டும். அதுவும் அலையில் துரும்பாய் ஆடும் கப்பலில் நின்று! நெஞ்சுரமும் வேண்டும், தேர்ந்த பயிற்சியும் வேண்டும்.

அன்று அமெரிக்கக் கடற்படையில் கறுப்பருக்குக் கிடைத்த இடம் எது? சமையற்கட்டும் அதிகாரிகளின் சாப்பாட்டு மேசையும்தான்! 1942 ஜூனில் பிற பணிகளுக்கும் கதவு திறந்தது. ஆயினும் பெரும்பாலோர் கரையிலேயே நிறுத்தப்பட்டனர். உரிமைக் குரல் ஓங்கிய பிறகே, 1944-இல் இரண்டு போர்க்கப்பல்களில் பெரும்பாலும் கறுப்பின மாலுமிகளை அமர்த்தினர். ஒன்று 'மேசன்'. மற்றொன்று 'பி.சி. 1264', பெயர்கூட இல்லாத, எண் மட்டுமே கொண்ட காவற்கப்பல்.

தொடக்கத்தில் அக்கப்பலின் மேற்பார்வைப் பதவிகளில் வெள்ளையரே இருந்தனர். சில மாதங்களே சென்றன. கறுப்பின மாலுமிகள் தேர்ச்சி பெற்று அந்தப் பதவிகளை ஏற்றனர். அட்லாண்டிக்கில் வணிகக் கப்பல்களுக்குத் துணை சென்றனர். தகுதி எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து குதித்ததா? இல்லை; வாய்ப்புத் தந்தார்கள், வந்தது!

கரையில் நடந்ததையும் காணீர். 1945-இல் அக்கப்பலின் கறுப்பின அதிகாரி சாமுவேல் கிரேவ்லி, மியாமி நகரில் தம் சீருடையோடு சென்றபோது கைது செய்யப்பட்டார். குற்றம் என்ன? அதிகாரி போல் வேடமிட்டாராம்! கறுப்பர் ஒருவர் அதிகாரியாக இருக்க முடியும் என்பதையே அந்த வெறியர்களால் எண்ணிப் பார்க்க இயலவில்லை.

1948-இல் அதிபர் ட்ரூமன், படைகளில் நிற வேற்றுமை கூடாதென ஆணையிட்டார். 1971-இல் அதே கிரேவ்லி, அமெரிக்கக் கடற்படையின் முதல் கறுப்பின அட்மிரல் ஆனார். 1945-இல் வேடம் என்றவர்கள் இதற்கு என்ன பெயர் சூட்டுவர்?

பிறப்பைக் காட்டிக் கதவை அடைப்பது. பிறகு, உள்ளே வரவில்லையே, ஆகவே தகுதியில்லை என்பது! இந்தச் சூழ்ச்சியை நாம் நன்கறிவோம். கதவைத் திறவுங்கள், தகுதியைப் பிறகு பேசுவோம் என்பதே நமது விடை.