செல்போனுக்கு ரொக்கமா, கணக்கா? 28 நாள் "மாதத்தில்" சிக்கிய சம்பளக்காரர்!

சென்னை நகரத்து மளிகைக் கடைகளில் அந்தக் காலத்திலிருந்து ஒரு போர்டு தொங்கும். "இன்று ரொக்கம், நாளை கடன்!"

மறுநாள் போய்க் கேட்டால் அன்றைக்கும் அதே போர்டு. கடைக்காரர் சிரிப்பார். கேட்டவரும் சிரிப்பார்.

ஆனால் அதே கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டும் இருக்கும். பத்து வருஷமாகத் தெருவில் குடியிருக்கும் வாத்தியார், கோர்ட்டு குமாஸ்தா, பஸ் கண்டக்டர் ஆகியோர் அந்த நோட்டில் பற்று எழுதி சாமான் வாங்குவார்கள். சம்பளம் வந்ததும் கணக்கைத் தீர்ப்பார்கள்.

செல்போன் கம்பெனிகள் செய்வதும் இந்த இரண்டு வியாபாரம்தான். ரொக்கத்துக்குப் பெயர் பிரீபெய்டு. பற்று நோட்டுக்குப் பெயர் போஸ்ட்பெய்டு.

ஒரே ஒரு வித்தியாசம். ரொக்கம் கொடுத்து வாங்கிய பருப்பில் மீதம் இருந்தால், ராத்திரி 12 மணிக்குக் கடைக்காரர் வீட்டுக்கு வந்து அதை அள்ளிக்கொண்டு போவதில்லை. பிரீபெய்டில் தினசரி டேட்டா அப்படித்தான் போகிறது!

நூற்றுக்குத் தொண்ணூறு

நாட்டில் செல்போன் வைத்திருப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பிரீபெய்டுக்காரர்கள்தான். காரணம் எளிது. டெபாசிட் கிடையாது. பில் வருமோ என்ற பயம் கிடையாது. காசு இருந்தால் பேச்சு, இல்லாவிட்டால் சும்மா.

1995-ல் செல்போன் இந்தியாவுக்கு வந்தபோது நிலைமை வேறு. கூப்பிட்டாலும் காசு. கூப்பிடுகிறவர் போனை எடுத்தாலும் காசு. நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை போனது. அன்றைக்கு அது பணக்காரர் பையில் இருந்த பொருள். போன் அடித்தால் பக்கத்து வீட்டு லேண்ட்லைனிலிருந்து திருப்பிக் கூப்பிட்டவர்கள் உண்டு.

2003-ல்தான் வரும் அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆனது. காய்கறி வண்டிக்காரர் இடுப்பிலும் செல்போன் ஏறியது அதற்குப் பிறகுதான்.

2005 கடைசியில் இன்னொரு கூத்து நடந்தது. "ரூ.999 கட்டினால் ஆயுள் முழுக்க இன்கமிங்" என்று விளம்பரம் வந்தது. ஜனங்கள் நம்பி வாங்கினார்கள். 2018 கடைசியில் அந்த ஆயுள் முடிந்துபோனது! "28 நாளுக்கு ஒரு தடவை 35 ரூபாயாவது போடு. இல்லாவிட்டால் இன்கமிங்கும் நிற்கும்" என்று கம்பெனிகள் சொல்லிவிட்டன.

அன்றிலிருந்து சும்மா வைத்திருக்கும் செல்போனும் சோறு கேட்கிறது.

இது எந்த ஊர் மாதம்?

ஆங்கில மாதத்துக்கு 30 நாள் அல்லது 31 நாள். பிப்ரவரிக்கு மட்டும் 28. செல்போன் கம்பெனிக்கோ வருஷம் பூராவும் பிப்ரவரிதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 நாள் வீதம் 12 தடவை ரீசார்ஜ் செய்தால் 336 நாள்தான் ஆகிறது. மிச்சம் 29 நாளுக்கு 13-வது தடவையும் கட்ட வேண்டும். பன்னிரண்டு மாதச் சம்பளம் வாங்குகிறவர் பதின்மூன்று மாதம் கட்டுகிறார்!

"மூணு மாசம்" என்று நினைத்துப் போடும் 84 நாள் ரீசார்ஜும் இதே கதைதான். நான்கு தடவை போட்டாலும் 336 நாள்.

பணம் போவது ஒரு பக்கம். தேதி நகர்வதுதான் பெரிய உபத்திரவம்.

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போகும் ஒரு கிளார்க்கை எடுத்துக்கொள்வோம். சம்பளம் ஒன்றாம் தேதி. ஜனவரி 1-ந்தேதி ரீசார்ஜ் செய்கிறார். அடுத்த தடவை ஜனவரி 29. அதற்கடுத்தது பிப்ரவரி 26. பிறகு மார்ச் 26. அப்புறம் ஏப்ரல் 23.

ஒன்றாம் தேதி தொடங்கிய செலவு, மெதுவாக நகர்ந்து மாசக் கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பையில் பஸ்ஸுக்குச் சில்லறை தேடும் நேரத்தில், "உங்கள் திட்டம் இன்றுடன் முடிகிறது" என்று மெசேஜ் வருகிறது.

சம்பளத்துக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது. போனுக்கு இன்னும் ஏழு மணி நேரம்தான் இருக்கிறது!

ஒரு நாள் கூலி போச்சு

சம்பளக்காரராவது யாரிடமாவது கைமாற்று வாங்கிச் சமாளித்துவிடுவார். தினக்கூலிக்காரர் பாடு?

ஒரு பெயிண்டருக்கு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வேலிடிட்டி முடிகிறது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மேஸ்திரி கூப்பிடுகிறார். இன்கமிங் இன்னும் நிற்கவில்லை. எடுத்துப் பேசுகிறார்.

"புது சைட்டுப்பா. அட்ரஸ் வாட்ஸ்அப்பில போட்டிருக்கேன். எட்டு மணிக்கு வந்துடு" என்கிறார் மேஸ்திரி.

நெட் இல்லை. திருப்பிக் கூப்பிட்டுக் கேட்கவும் வழி இல்லை. பெட்டிக்கடை திறக்கும் வரை சைதாப்பேட்டை பஸ் ஸ்டாப்பில் பிரஷ்ஷும் கையுமாக நிற்கிறார். கடை திறந்து, காசு கொடுத்து, அட்ரஸ் வந்து சேரும்போது மேஸ்திரி வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மிச்சம் பிடித்தது ஒரு நாள் ரீசார்ஜ். போனது ஒரு நாள் கூலி. இப்படி ஒருவரையாவது தெரியாதவர்கள் நகரத்தில் இருக்கமாட்டார்கள்.

பாங்கி ஓ.டி.பி., கேஸ் புக்கிங், ஆஸ்பத்திரி டோக்கன் எல்லாம் இன்று இந்த ஒரு நம்பரில்தான் தொங்குகின்றன. போன் வாயடைத்துப்போனால் வீடே வாயடைத்துப்போகிறது.

போஸ்ட்பெய்டு என்ன சொர்க்கமா?

அப்படியானால் எல்லோரும் போஸ்ட்பெய்டுக்கு ஓடிவிடலாமா? அவசரப்பட வேண்டாம்.

போஸ்ட்பெய்டில் மாதம் என்றால் மாதம். பில் ஒரே தேதிக்கு வரும். கட்டுவதற்குச் சில நாள் தவணையும் உண்டு. டேட்டாவை மாசத்துக்கு மொத்தமாகக் கொடுப்பதால், ராத்திரி 12 மணிக் கொள்ளை பெரும்பாலும் இல்லை. ஒரே பில்லில் மனைவிக்கும் பிள்ளைக்கும் சேர்த்து நம்பர் வாங்கும் வசதியும் இருக்கிறது.

ஆனால் விளம்பரத்தில் போடும் தொகை வேறு. கையைவிட்டுப் போகும் தொகை வேறு. பிரீபெய்டில் சொல்லும் விலையில் வரியும் அடக்கம். போஸ்ட்பெய்டு வாடகைக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி. ரூ.400 என்று போட்டிருந்தால் கட்டுவது ரூ.472!

பையன் ஏதோ பட்டனை அமுக்கி ஏதாவது சேவை ஒட்டிக்கொண்டாலும், வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்கு ஐ.எஸ்.டி. போட்டாலும் அன்றைக்கே தெரியாது. பில் வந்த பிறகுதான் தெரியும். பிரீபெய்டில் அதிகபட்சம் போட்ட காசு போகும். போஸ்ட்பெய்டில் போடாத காசும் போகும்.

தேதி தவறினால் அபராதம். பாக்கி வைத்தால் வேறு கம்பெனிக்கு நம்பரை மாற்றிக்கொண்டு போகவும் முடியாது. பாக்கியைத் தீர்த்தால்தான் விடுதலை.

அதனால்தான் பற்று நோட்டு எல்லோருக்கும் ஒத்துவராது. மாசாமாசம் கணக்குத் தீர்க்கிறவருக்கு அது வசதி. தீர்க்காதவருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும்.

யாருக்கு எது?

ஒன்றாம் தேதி சம்பளம் நிச்சயமாக வருகிறவர், போன் நின்றால் வேலை கெட்டுவிடும் என்றிருப்பவர், ரீசார்ஜ் தேதியை அடிக்கடி மறக்கிறவர் ஆகியோருக்கு போஸ்ட்பெய்டு பொருந்தும். வரியோடு சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு முடிவு செய்யட்டும். கம்பெனியிடம் கடன் உச்சவரம்பு எவ்வளவு என்று கேட்டு, அதைக் குறைத்து வைத்துக்கொள்ளட்டும்.

வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவருக்கு இன்னொரு லாபம் உண்டு. ஆதாரில் பழைய முகவரி இருந்தால், இரண்டு மாதத்துக்கு மிகாத போஸ்ட்பெய்டு பில்லைப் பாங்கியில் முகவரிச் சான்றாகக் காட்டலாம். மூன்று மாதத்துக்குள் புது முகவரியோடு சரியான ஆவணம் கொடுத்துவிட வேண்டும். பிரீபெய்டு ரசீதுக்கு இந்த மரியாதை இல்லை.

வருமானம் இன்றைக்கு உண்டு, நாளைக்கு இல்லை என்றிருப்பவர், வீட்டில் போனை நோண்டும் பிள்ளைகள் இருப்பவர், வயதான அப்பா அம்மாவுக்கு போன் வாங்கிக் கொடுப்பவர் ஆகியோருக்கு பிரீபெய்டுதான் நல்லது. அளவு கையில் இருக்கிறது.

எடுத்த முடிவு தப்பாகப் போனாலும் பயப்பட வேண்டாம். நம்பர் மாறாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓ.டி.பி. மூலமே மாறலாம். முதல் தடவை மாறியவர் 30 நாளில் திரும்பி வந்துவிடலாம் என்று 2025-ல் விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள். முன்பு 90 நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

கேட்டால்தான் கிடைக்கும்

பிரீபெய்டுக்காரர்களுக்கும் சில உரிமைகள் இருக்கின்றன. கடையில் யாரும் சொல்வதில்லை. விளம்பரத்திலும் வருவதில்லை.

28 நாள் தொல்லை பற்றிப் புகார்கள் குவிந்ததால், 2022 ஜனவரியில் தொலைத் தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும். மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் வைத்திருக்க வேண்டும். ஒன்றாம் தேதிச் சம்பளக்காரர் கேட்டு வாங்க வேண்டியது இதைத்தான்.

பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு டேட்டா எதற்கு? 2024 டிசம்பரில் டிராய் இதற்கும் வழி செய்தது. பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.சுக்கும் மட்டுமான திட்டம் கட்டாயம் இருக்க வேண்டும் என்றது. அதன்படி திட்டங்களும் வந்தன.

நம்பர் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். உபயோகம் இல்லை என்று காரணம் காட்டி 90 நாளுக்குள் பிரீபெய்டு நம்பரைத் துண்டிக்கக் கூடாது. அப்போதும் கணக்கில் 20 ரூபாய் பாக்கி இருந்தால், அதை எடுத்துக்கொண்டு நம்பரைக் காப்பாற்றி வைக்க வேண்டும். துண்டித்த நம்பர் பிறகு வேறு யாரோ ஒருவர் கைக்குப் போகும். பாங்கியில் கொடுத்த நம்பரை இப்படி விட்டுவிடுவது ஆபத்து.

போட்ட காசு எங்கே போனது என்று சந்தேகமா? பிரீபெய்டுக்காரரும் கணக்கு விவரம் கேட்கலாம். கட்டணம் 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. புகார் சொல்ல 198. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் போனை வைக்கக் கூடாது.

முன்னால் கட்டுகிறவருக்கு என்ன மரியாதை?

கடைசியில் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது.

போஸ்ட்பெய்டுக்காரர் முதலில் பேசுகிறார், பிறகு கட்டுகிறார். அவருக்குத் தவணை உண்டு, நினைவூட்டும் மெசேஜ் உண்டு, தயவும் உண்டு. பிரீபெய்டுக்காரர் முதலில் கட்டுகிறார், பிறகு பேசுகிறார். ஒரு பைசா கடன் வைக்காத அவருக்கு ராத்திரி 12 மணிக்குக் கதவைச் சாத்துகிறார்கள்!

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கட்டும் காசில்தான் டவர்கள் நிற்கின்றன. அவர்களுக்கு வேலிடிட்டி முடிந்த பிறகும் ஒரு வாரம் தவணை கொடுத்தால் என்ன? அந்த ஒரு வாரமும் வரும் அழைப்பு வரட்டும். பாங்கி மெசேஜ் வரட்டும். ஒரு நாளைக்கு நாலு அழைப்பு போகட்டும். அடுத்த ரீசார்ஜில் அந்த நாட்களைக் கழித்துக்கொள்ளட்டும். நஷ்டம் யாருக்கும் இல்லை.

இப்போது வரும் அழைப்பு எத்தனை நாள் தாங்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுகிறது. அதை எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆக்கி, சட்டமாகவே எழுதி வைக்கலாம். டிராய் மனது வைத்தால் நடக்கும். 28 நாள் விஷயத்தில் ஜனங்கள் கேட்டார்கள், உத்தரவு வந்தது. இதையும் கேட்கத்தான் வேண்டும்.

"இன்று ரொக்கம், நாளை கடன்" என்று போர்டு மாட்டிய மளிகைக் கடைக்காரர், அவசரம் என்று வந்தவரை ஒருநாளும் வெறும் பையோடு அனுப்பியதில்லை. "எடுத்துட்டுப் போங்க. சம்பளம் வந்ததும் குடுங்க" என்பார்.

பெயிண்டர் கேட்பதும் அந்த ஒரு வார்த்தையைத்தான்.