மூலைவிட்டமாகாத அணிகள்

அணி என்றவுடன் தமிழ் பயிலும் எமக்கு உவமையும் உருவகமுமே முதற்கண் நினைவில் எழும். ஈண்டு யாம் கூறப்புகுந்தது கணித நூலாரின் அணியாம். எண்களை நிரையும் நிரலுமாக நிறுத்திய சதுரம். குவாண்டம் இயக்கவியலில் வரும் ஹெர்மைட் அணிகள் யாவும் மூலைவிட்டமாகத் தக்கன. அஃதாவது, அணி தாக்கியும் திசை மாறாத ஐகன் வெக்டார்கள் வேண்டுமளவு கிடைக்கும். அவற்றையே அச்சுக்களாகக் கொள்ளின் மூலைவிட்டத்திலன்றிப் பிறவிடத்து எண்கள் நில்லா. இவ்வுறுதியைச் சோதியாமலே ஏனைய அணிகட்கும் ஏற்றுதல் தகாதென்பது எம் கருத்து.

ஹெர்மைட் அல்லாதவை ஏட்டளவில் நிற்பனவல்ல. மாமல்லபுரத்துக்குத் தெற்கே அதே கரையிலுள்ள கல்பாக்கத்தில் 1985-இல் இயங்கத் தொடங்கிய சோதனை ஈனுலையின் எரிபொருளில் புளுட்டோனியம் உண்டு. அதன் 239 என்னும் வகை ஆல்பாத் துகளை உமிழ்ந்து சுமார் 24,100 ஆண்டுகளிற் பாதியாகும். இத்தகைய சிதைவை விளக்க 1928-இல் காமோவ் ஆற்றலுக்குக் கற்பனைப் பகுதியொன்றைக் கூட்டினார். ஹெர்மைட் அணியோ மெய்யெண்களையே ஐகன் மதிப்பாகத் தரும்.

"மூலைவிட்டமாகா அணி மிக அரிது; சோதனை வீண்" என்பார் உளர். அரிதென்பது மெய்யே. ஆயின் வளரும் நிலையொன்றையும் தேயும் நிலையொன்றையும் இணைத்து, இணைப்பைச் சிறிது சிறிதாக மாற்றிச் செல்லும் ஆய்வாளர் அவ்வரிய இடத்தைக் கடந்தே தீர்வர். −1-இன் வர்க்கமூலத்தைப் 'ப' என்போம். முதல் நிரை ப, 1. அடுத்தது 1, −ப. ஐகன் மதிப்பு இரண்டும் 0. மூலைவிட்டமாகுமெனின் இது முழுதும் சுழியான அணியாதல் வேண்டும், அஃதன்றே! (1, −ப) என்னும் ஒரே திசைதான் உண்டு. ஒளியியலிலும் இதனைக் காணலாம்: ராமனின் சகோதரி மகனாகிய பஞ்சரத்தினம் 1955-இல், ஒளியை உறிஞ்சும் படிகங்களிற் சில திசைகளில் முனைவாக்க நிலைகள் இரண்டும் ஒன்றாய்விடுதலை ஆராய்ந்து எழுதினார்.

சோதிக்கும் முறை எளிது. மதிப்புக்கள் வேறுவேறாயின் அச்சமில்லை. ஒன்று இருமுறை வரின், அதற்குரிய சார்பற்ற வெக்டார்கள் இரண்டு உளவா என எண்ணுக. கணினியை மட்டும் நம்பற்க. பதினாறாம் தசம இடத்துப் பிழை, இங்கே ஐகன் மதிப்பில் எட்டாம் இடத்திலேயே தோன்றி, ஒன்றான மதிப்பை இரண்டெனக் காட்டும். அப்போது இரு வெக்டார்களும் ஏறக்குறைய ஒரே திசையில் நிற்கின்றனவா என நோக்குக.

நோக்காது ஐகன் நிலைகளாக விரித்தெழுதுவோர், மேற்கூறிய அணியில் எந்நிலையும் காலத்தால் மாறாதென முடிவு கட்டுவர்; உண்மையிலோ அந்நிலை காலத்தோடு நேர்விகிதத்தில் வளர்ந்துகொண்டே செல்லும்.