ஆலையின் சாவி யார் கையில்?

சிதம்பரத்தில் பேருந்து ஏறி, புவனகிரி, சேத்தியாத்தோப்பு கடந்து நெய்வேலிப் பக்கம் போகிறவர்கள் இரண்டு காட்சிகளைக் காண்பார்கள். முதலில் பச்சைப் பசேலென்ற நெல்வயல். பிறகு மலைபோல் குவிந்த சுரங்க மண். இரண்டுக்கும் நடுவே நிற்கிறான் கடலூர் மாவட்டத்து உழைப்பாளி. வயல் கொடுத்தவன் அவன். சுரங்கத்திலே வியர்வை கொடுத்தவனும் அவன். ஆனால், சாவி யார் கையில் இருக்கிறது? எண்ணிப் பாருங்கள், தோழர்களே!

"பணம் போட்டவன் முடிவு செய்கிறான், உனக்கென்ன வேலை?" என்று கேட்போர் உண்டு. அவர்களை ஜெர்மனிப் பக்கம் சற்றே திரும்பிப் பார்க்கச் சொல்லுகிறோம்.

வோக்ஸ்வாகன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'மக்கள் வண்டி' என்பது அதன் பொருள். 1937-இல் இட்லர் ஆட்சி தொடங்கிய தொழில் அது. தொழிற்சங்கங்களிடமிருந்து பறித்த சொத்தும் அதற்கு முதலாயிற்று! போர் முடிந்தது, இட்லர் ஒழிந்தான். 1960-இல் அதைப் பங்கு நிறுவனமாக்கத் தனிச் சட்டம் செய்தார்கள். ஆலை அமைந்துள்ள கீழ் சாக்சனி மாநிலம் தன் பங்கை விட்டுவிடவில்லை. இன்றும் 20 விழுக்காடு வாக்கு அந்த மாநிலத்திடம் இருக்கிறது. பெரிய தீர்மானம் நிறைவேற 80 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வேண்டும். ஆகவே, மாநிலம் 'கூடாது' என்றால் கூடாதுதான்!

அது மட்டுமா? மேற்பார்வைக் குழுவில் உறுப்பினர் 20 பேர். அதில் 10 பேர் தொழிலாளர் தரப்பு. புதிய ஆலை கட்டவோ, இருக்கும் ஆலையை இடம் மாற்றவோ அக்குழுவில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. தொழிலாளியைக் கேட்காமல் எந்திரத்தைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. 2023 முதல் 2027 வரை 18,000 கோடி யூரோ முதலீடு என்று திட்டமிட்டபோதும், அக்குழுவில் பாதி நாற்காலி உழைப்பவனுடையதாகவே இருந்தது.

அங்கே பாலும் தேனும் ஓடுகிறதென்று நாம் பொய் சொல்ல மாட்டோம். டீசல் புகை அளவில் மோசடி செய்து 2015-இல் அகப்பட்டதும் அதே நிறுவனந்தான். 2024-இல் ஆலைகளை மூடப் போவதாகப் பேச்சு எழுந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். டிசம்பரில் உடன்பாடு வந்தது. உடனடி மூடலும் கட்டாய ஆள்குறைப்பும் தவிர்க்கப்பட்டன. ஆனால் 2030-க்குள் 35,000-க்கு மேற்பட்ட வேலையிடங்கள் குறையும். இழப்பு இல்லாமல் இல்லை. ஆயினும் அந்த இழப்பின் அளவைப் பேசி முடிவு செய்யும் மேசையிலே தொழிலாளிக்கு இடம் இருந்தது!

இனி நெய்வேலிக்கு வருவோம். 1935-இல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய மண் கண்டார்கள். 1956-இல் நிறுவனம் பிறந்தது. நிலக்கரி தோண்ட மேற்கு ஜெர்மனியிலிருந்து ராட்சத எந்திரம் வந்தது. எந்திரம் வந்தது, ஆனால் அந்த நாட்டுத் தொழிலாளியின் உரிமை உடன் வரவில்லையே!

2006-இல் பங்கு விற்க முனைந்தார்கள், தி.மு.க. எதிர்த்தது, விற்பனை நின்றது. 2013-இல் மீண்டும் முனைந்தார்கள். தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். முடிவில் அ.தி.மு.க. ஆட்சியில், தமிழக அரசின் நிறுவனங்களே 3.56 விழுக்காட்டை ஏறத்தாழ 358 கோடி ரூபாய்க்கு வாங்கின. கட்சி எதுவாயினும், மண்ணின் சொத்தைக் காத்த செயல் பாராட்டத்தக்கது. ஆனால் 3.56 எங்கே, 20 எங்கே? உத்தரப் பிரதேசத்துக் கட்டம்பூரில் இதே நிறுவனம் 1,980 மெகாவாட் மின்நிலையம் அமைத்தது. அந்தத் துணை நிறுவனத்தில் அம்மாநில அரசுக்கு 49 விழுக்காடு! வடக்கே முதலீடு போகிறதே என்று நாம் பொறாமைப்படவில்லை. அங்கே உழைப்பவனும் நம் தோழனே. அவர்களுக்குக் கிடைத்த மரியாதை, தாய்வீட்டுக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கிறோம்.

கேட்க உரிமை இல்லாவிட்டால் என்ன நடக்கும்? 2023 ஜூலையில் வளையமாதேவியில் நடந்ததுதான் நடக்கும். கதிர் விடும் பயிருக்குள் எந்திரம் இறங்கியது! 2020 ஜூலை முதல் நாள் கொதிகலன் வெடித்து அன்றே ஆறு உயிர் போயிற்று. ஆபத்தை முதலில் அறிபவன் கொதிகலன் அருகே நிற்பவன். அவன் சொல் ஏறும் அவை எது?

தொழில் நிர்வாகத்தில் தொழிலாளிக்குப் பங்கு வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே, 43-அ பிரிவாக, 1976-இல் எழுதி வைத்தார்கள். 1990-இல் மாநிலங்களவைக்கு மசோதாவும் வந்தது. சட்டமாகவில்லை. ஏட்டில் எழுதிய சர்க்கரை இனிக்குமா?

நம் கோரிக்கை மூன்றே. தமிழகத்தின் பங்கு உயர வேண்டும். நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் தேர்ந்தெடுத்தவர்கள் இயக்குநர் குழுவில் அமர வேண்டும். நிலம் எடுக்கும் முடிவுக்கு முன்னே, நிலம் தருபவனின் சொல் கேட்கப்பட வேண்டும்.

கடலூர்த் துறைமுகத் தொழிலாளியும், சிதம்பரத்து மாணவனும், நெய்வேலித் தோழனும் ஒரே குரலில் இதைக் கேட்கட்டும். ஜெர்மானியனுக்கு முடிந்தது நமக்கு முடியாதா?