அடுத்த படி எங்கே?

அண்மையில் நடந்தது இது. சிதம்பரத்துப் பிள்ளை ஒருவர். தந்தை கொத்து வேலைக்காரர். ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்துத் தேறியவர். கடலூர்ப் பக்கத்து ஆலை ஒன்றுக்கு இண்டர்வியூவுக்குப் போனார். காலை ரயிலில், இஸ்திரி போட்ட சட்டை கசங்குமே என்று உட்காராமலே வந்தவர். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். கடைசியில் அதிகாரி, "நீ ஏதாவது கேட்கவேண்டுமா?" என்றார். பிள்ளை கேட்டார்: "ஐயா, மூன்று ஆண்டு ஒழுங்காக வேலை செய்தால் நான் எந்த நிலைக்கு வருவேன்?"

அதிகாரி சிரித்தார். "வேலையே இன்னும் கொடுக்கவில்லை, அதற்குள் உயர்வா?" என்றார். வேலை கிடைக்கவில்லை.

வீடு திரும்பிய மகனிடம் தந்தை சொன்னார்: "வாயை மூடிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா?"

தோழர்களே! அதிகாரியின் சிரிப்பு நமக்குப் புதிதல்ல. அவர் நாற்காலி அப்படி. தந்தையின் சொல்தான் நம்மை உறுத்துகிறது. நாற்பது ஆண்டு சாரத்தில் நின்ற ஒரு தொழிலாளி, தன் மகன் முன்னேற்றம் கேட்டதைக் குற்றம் என்று எண்ணுகிறார் என்றால், அந்த எண்ணத்தை அவருக்குள் விதைத்தவர் யார்?

இதே கேள்வியைப் பொறியியல் பட்டதாரிகளுக்குச் சொல்லிக்கொடுத்தே அனுப்புகிறார்கள். "கம்பெனியில் வளர வாய்ப்பு என்ன என்று கேள், உன் ஆர்வம் தெரியும்" என்கிறார்கள். ஆம்! கழுத்தில் டை கட்டியவன் கேட்டால் ஆர்வம்; கையில் ஸ்பானர் பிடித்தவன் கேட்டால் திமிர்! இது எந்த ஊர் நியாயம்?

நெய்வேலியைப் பாருங்கள். நிறுவனம் 1956-ல் பிறந்தது. 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. ஒரே சுரங்கம், ஒரே ஷிப்டு, ஒரே புழுதி. ஒருவர் நிரந்தரத் தொழிலாளி: அவருக்குக் கிரேடு உண்டு, சம்பள விகிதம் உண்டு, மேலே ஏற ஏணி உண்டு. பக்கத்தில் நிற்பவர் ஒப்பந்தத் தொழிலாளி: அவருக்கு ஆண்டுகள் ஏறும், படி ஏறாது. நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய வேலைநிறுத்தங்களும் வழக்குகளும் இந்த மாவட்டம் அறிந்தவை. நிலம் கொடுத்த குடும்பங்கள் இன்று வேலை கேட்கும்போது, "வேலை" என்ற சொல்லோடு நிற்பதில்லை; "நிரந்தர வேலை" என்கிறார்கள். அந்த ஒரு சொல்லைக் கற்க எத்தனை ஆண்டு ஆயிற்று!

சிதம்பரத்துக்காரர்களுக்கு இன்னொரு பாடமும் தெரியும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் தனிச் சட்டம் இயற்றி அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மிகை என்று கணக்கிடப்பட்ட ஊழியர்கள் பலர் பிறகு வெளியூர்க் கல்லூரிகளுக்கும் வேறு துறைகளுக்கும் அனுப்பப்பட்டனர். சேர்ந்த நாளில், "இது அனுமதிக்கப்பட்ட பணியிடமா?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

சட்டம் நம்மைக் கேட்கவேண்டாம் என்று சொல்லவில்லை. அப்ரண்டிஸ் சட்டம் 1961-ல் வந்தது. 2014-ல் அதைத் திருத்தினார்கள். பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிர்வாகமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்கவேண்டும் என்கிறது அந்தத் திருத்தம். ஆகவே அப்ரண்டிஸாகப் போகிற பிள்ளை, "உங்கள் கொள்கை என்ன?" என்று கேட்பது துடுக்கல்ல. தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டமோ, 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்தவர் நிரந்தரம் என்கிறது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டங்கள் மீது நமக்குக் குறை நிறைய உண்டு; 300 பேருக்குக் குறைந்த ஆலைகளை நிலையாணையிலிருந்து நழுவவிட்டதை வேறொரு நாள் பேசுவோம். ஆனால் நியமனக் கடிதம் தரவேண்டும் என்று அதிலே எழுதியிருக்கிறது. எழுதியதைக் கேட்போமே!

"பசித்தவன் கேள்வி கேட்பானா?" என்பார் சிலர். வேலையை உதறிவிட்டு வா என்று நாம் சொல்லவில்லை. அடுப்பு எரியவேண்டும், கிடைத்ததில் சேரட்டும். தெரிந்துகொண்டு சேரட்டும் என்கிறோம். இங்கே ஏணி இல்லை என்று முதல் நாளே தெரிந்தவன் டிப்ளமாவுக்கு வழி தேடுவான். தான் காண்ட்ராக்டர் ஆள் என்று தெரிந்தவன் சம்பளச் சீட்டையும் வருகைக் கணக்கையும் பி.எப். எண்ணையும் பத்திரப்படுத்துவான். 480 நாளை வாயால் மெய்ப்பிக்க முடியாது, காகிதம் வேண்டும்.

எப்படிக் கேட்பது? சம்பளம், உயர்வு என்று எடுத்ததும் ஆரம்பிக்கவேண்டாம். வேலையைப் பற்றிக் கேட்டுவிட்டு, "யாருடைய ரோலில் என் பெயர் இருக்கும்?" என்று கேட்கலாம். இன்னொன்றும் உண்டு, நமக்குப் பிடித்தது: "இந்த வேலையில் எனக்கு முன்பு இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்?" மேலே போய்விட்டார் என்றால் படி உண்டு. இன்னும் அங்கேயே என்றால், எத்தனை ஆண்டாக என்று கேட்டுக்கொள்ளலாம். எட்டு மாதத்தில் நான்கு பேர் வந்து போனார்கள் என்றால், வேறு விளக்கம் வேண்டியதில்லை. பதில் சொல்ல அதிகாரி தயங்கினால், அந்தத் தயக்கமும் பதில்தான்.

ஒருவன் கேட்டால் அவனைக் களைந்துவிடுவார்கள். அதுதான் நம் சிதம்பரத்துப் பிள்ளைக்கு நடந்தது. வரிசையில் நிற்கும் நாற்பது பேரும் கேட்டால் யாரைக் களைவது? இங்கே நம் குறையையும் ஒப்புக்கொள்ளவேண்டும். போனஸுக்குக் கொடி பிடிக்கத் தெரிந்த நாம், வேலை முகாமுக்குப் போகும் பிள்ளைகளை முதல் நாள் மாலை சங்க அலுவலகத்துக்கு அழைத்து உட்காரவைத்தது உண்டா? மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரத்திலும் இதைச் செய்ய ஒரு பெஞ்சும் ஒரு விளக்கும் போதாதா?

அந்தப் பிள்ளைக்கு இன்னொரு இண்டர்வியூ வந்திருக்கிறது. தந்தை நம்மைக் கண்டு, "இந்தத் தடவையும் கேட்பானா?" என்றார். கேட்பார் என்றோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் அந்தக் கடிதத்தையும் சேர்த்தே கேட்கச் சொல்லுங்கள்" என்றார்.