பழைய வண்டிக்குப் புது மவுசு: நாலு கோடி நியாயமா?

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பது பழமொழி. ஐரோப்பாவில் இப்போது இது மோட்டார் காருக்கும் பொருந்தத் தொடங்கிவிட்டது. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் ராலிப் பந்தயத்தில் ஓடிப் பெயர் வாங்கிய கார்களை அதே தோற்றத்தில் புதிதாகச் செய்து விற்கிறார்கள். எண்ணிக்கை மிகக் குறைவு. விலையோ கோடிக்கணக்கில். ஆனாலும் வாங்குவோருக்குப் பஞ்சமில்லை.

இந்த விலை நியாயந்தானா? மாதக் கடைசியில் பஸ் சார்ஜுக்குக் கணக்குப் பார்க்கிறவனுக்கு இந்த விசாரம் எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இதே வியாபாரம் சிறிய அளவில், ஜீப்பின் உருவத்தில், இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. இடுக்கி மலையில் ஜீப்பை நம்பிப் பிழைக்கிறவர்கள் அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

ராலி என்றால் என்ன?

மைதானத்தில் ஒரே பாதையைச் சுற்றிச் சுற்றி ஓடுவது ரேஸ். ராலி அப்படியல்ல. காட்டுப் பாதை, மலைப் பாதை, மண் ரோடு, பனி ரோடு எல்லாவற்றிலும் ஒவ்வொரு காராக விட்டு, கடிகாரத்தைப் பார்த்து நேரம் கணக்கிடுவார்கள். ஓட்டுகிறவர் பக்கத்தில் வளைவும் பள்ளமும் சொல்ல ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒரு வண்டி எவ்வளவு அடி தாங்கும் என்பதற்கு அதுவே பரீட்சை.

பாலக்காட்டில் இருப்பவர்களுக்கு இது அன்னியமான விஷயமல்ல. வாளையாறைத் தாண்டினால் கோவை. தென்னிந்திய ராலியில் ஏழு முறை வென்ற ஜி.ஆர். கார்த்திகேயன் கோவைக்காரர். அவர் மகன் நாராயண் கார்த்திகேயன்தான் 2005ல் பார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர்.

உலக ராலியில் இரண்டு கார்களின் கதை இங்கே முக்கியம். ஒன்று இத்தாலியின் லான்சியா 037. நாலு சக்கரத்துக்கும் விசை பாயும் ஜெர்மன் ஆடிக் கார் கொடிகட்டிப் பறந்த காலத்தில், பின் சக்கர விசையை மட்டும் வைத்துக்கொண்டு 1983ல் தயாரிப்பாளர்களுக்கான உலகப் பட்டத்தை வென்றது. அதற்குப் பிறகு இரண்டு சக்கர விசையுள்ள கார் எதுவும் அந்தப் பட்டத்தை வாங்கியதில்லை. இந்தக் காரைத்தான் கிமேரா என்ற சிறிய இத்தாலியக் கம்பெனி 2021ல் புது உருவில் கொண்டுவந்தது. மொத்தம் 37 கார். விலை ஒன்று 4,80,000 யூரோ. ரூபாயில் நாலு கோடிக்கு மேல்.

இன்னொன்று ஜப்பானின் சுபாரு இம்ப்ரெஸா. 1995, 1996, 1997 மூன்று ஆண்டும் தொடர்ந்து தயாரிப்பாளர் பட்டம் வென்ற வண்டி. அதன் வெற்றிக்காக 1998ல் 22பி என்ற விசேஷக் காரை சுபாரு வெளியிட்டது. அன்று சுபாருவுக்காகப் பந்தயக் கார் தயார் செய்த பிரிட்டிஷ் நிறுவனம் புரோடிரைவ். அதே நிறுவனம் 2022ல் அந்தக் காரின் புது உருவம் என்று பி25 என்ற வண்டியை அறிவித்தது. 25 கார்தான். விலை வரி நீங்கலாக 4,60,000 பவுன். இதுவும் நாலு கோடிக்கு மேல்.

விலை ஏறும் வழி

இந்த நாலு கோடி எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் நியாயம் விளங்கும்.

முதலாவது, எண்ணிக்கைக் கணக்கு. ஒரு கம்பெனி ஒரு பாகத்துக்கு அச்சு செய்ய ஒரு கோடி ரூபாய் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லட்சம் கார் விற்றால் அந்தச் செலவு ஒரு காருக்கு நூறு ரூபாய். அதே அச்சில் 25 கார் மட்டும் செய்தால் ஒரு காருக்கு நாலு லட்சம். ஒரு பாகத்துக்கே இப்படி என்றால் முழுக் காருக்கு எவ்வளவு ஆகும் என்பதை யாரும் ஊகிக்கலாம்.

இரண்டாவது, கைவேலை. பி25க்குப் பழைய இம்ப்ரெஸாவின் கூட்டையே எடுத்து, உரித்து, மறுபடி பூட்டுகிறார்கள். கிமேராவும் பழைய லான்சியா கார் ஒன்றின் உடலிலிருந்துதான் வேலையைத் தொடங்குகிறது. தேர்ந்த தொழிலாளிகள் மாதக்கணக்கில் செய்யும் வேலை இது. இதற்குக் கூலி கூடுதலாகத்தான் இருக்கும். காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டும் மில் துணியும் ஒரே விலைக்கு விற்க முடியுமா?

இந்த இரண்டு வகைச் செலவையும் நியாயமில்லை என்று சொல்ல முடியாது. பணக்காரன் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதைவிட, நாலு தொழிலாளிக்கு வேலையாக மாறுவது நல்லதுதான்.

மூன்றாவது வகையில்தான் சிக்கல். அது "இத்தனைதான் செய்வோம்" என்ற அறிவிப்புக்காகக் கொடுக்கும் விலை. காஞ்சிபுரத்து நெசவாளி நூறு புடவைக்கு மேல் நெய்யமாட்டேன் என்று சபதம் செய்வதில்லை. கை ஓடுகிற மட்டும் நெய்கிறார். அவர் புடவை அரிதாக இருப்பது வேலையின் தன்மையால். பெரிய தொழிற்சாலை வைத்திருப்பவர் எண்ணிக்கையைக் குறைத்து அறிவித்து, அந்தக் குறைவையே சரக்காக விற்றால், வாங்குகிறவர் இரும்புக்கும் உழைப்புக்கும் மட்டும் பணம் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரனிடம் இல்லாதது தன்னிடம் இருக்கிறது என்ற திருப்திக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்.

ஜீப்பின் பெயரில்

இந்தியாவில் என்ன நடந்தது? 1940களின் கடைசியில் பம்பாயில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கிய மகிந்திரா கம்பெனி, பிறகு இந்தியாவின் ஜீப் கம்பெனி என்றே பெயர் பெற்றது. அந்த ஜீப்பின் சாயலில் 2010ல் தார் என்ற வண்டியைக் கொண்டுவந்தது. 2019ல் அந்த உருவத்தை நிறுத்தும் சமயத்தில், கடைசி 700 வண்டிகளை "தார் 700" என்ற பெயரில் 9 லட்சத்து 99 ஆயிரம் ரூபாய்க்கு விற்றது. என்ஜின் அதேதான். ஸ்டிக்கர், வீல், சீட் உறை ஆகியவை புதிது. ஆனந்த் மகிந்திராவின் கையெழுத்துப் பொறித்த தகடு ஒன்றும் உண்டு.

2020ல் முழுக்கப் புதிய தார் வந்தது. அதன் முதல் வண்டியை ஏலம் விட்டபோது 1 கோடியே 11 லட்சம் ரூபாய்க்குப் போனது. அந்தப் பணம் கொரோனா நிவாரணத்துக்குப் போனதால் அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

குருவாயூர்க் கதை இன்னும் சுவையானது. 2021 டிசம்பரில் கம்பெனி கோயிலுக்குக் காணிக்கையாக ஒரு தார் கொடுத்தது. தேவஸ்வம் அதை ஏலம் விட்டது. 15 லட்சத்து 10 ஆயிரத்துக்கு ஏலம் முடிந்தது. அது தகராறாகி, 2022 ஜூனில் மறு ஏலம் நடந்தபோது 43 லட்சம் ரூபாய்க்குப் போனது. ஆறே மாதத்தில் அந்த வண்டியில் ஒரு போல்ட்கூடப் புதிதாகச் சேரவில்லை. கூடியது குருவாயூரப்பன் பெயருக்கு உள்ள மதிப்பு. பக்தர் தெரிந்தே கொடுத்தார். பணம் கோயிலுக்குப் போயிற்று. ஆனால் பெயர் ஒன்றே விலையை மூன்று மடங்காக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

பெயரை வாங்கிக் கொடுத்தவர் யார்?

ஜீப்புக்கு இந்தப் பெயர் விளம்பரத்தால் மட்டும் வந்துவிடவில்லை. ரோடு இல்லாத இடத்தில் ஓடியதால் வந்தது. கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி வழியாக விடியற்காலையில் தேனி மாவட்டத்துப் பெண்களை ஏலத் தோட்டங்களுக்கு ஏற்றிச் சென்றவை ஜீப்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்லும் பள்ளமுமான பாதையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் செல்பவை ஜீப்கள். நெல்லியாம்பதியின் எஸ்டேட் பாதைகளிலும் அவைதான். தேயிலையும் ஏலக்காயும் நோயாளியும் கர்ப்பிணியும் மலையிறங்கியது இந்த வண்டிகளில்தான்.

ராலிக் கார் வருஷத்தில் சில நாள் பட்ட அடியை இந்த வண்டிகள் தினமும் பட்டு வருகின்றன. இவற்றையும் புதுப்பிக்கிறார்கள். கியர்பாக்ஸ் போனால் மாற்றுகிறார்கள். தரைத்தகடு துருப்பிடித்தால் வெட்டி வெல்டிங் வைக்கிறார்கள். கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்து எடுக்கிறார்கள். ஐரோப்பாவில் கோடி ரூபாய் வாங்கும் அதே வேலைதான். இங்கே அந்த மெக்கானிக்கின் பெயரை யாரும் தகட்டில் பொறித்து வண்டியில் ஒட்டுவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஜீப்பின் உருவம் திரும்பி வந்தது, அதன் வேலை திரும்பி வரவில்லை. பத்துப் பேர் உட்காரும் கமாண்டரும், உழைப்பாளி வண்டியான மேஜரும் ஷோரூமிலிருந்து போய்விட்டன. மூன்று கதவுத் தாரில் நாலு பேர் உட்காரலாம். 2024ல் வந்த ஐந்து கதவு ராக்ஸில் ஐந்து பேர். குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போக நல்ல வண்டிகள். தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற டிரைவருக்கு அவற்றால் என்ன பயன்? அவர் பழைய ஜீப்பையே ஒட்டுப்போட்டு ஓட்ட வேண்டியிருக்கிறது.

உயிர் சம்பந்தப்பட்டது

இது வெறும் ஆசை, அந்தஸ்து சமாச்சாரமாக இருந்தால் விட்டுவிடலாம். 2023 ஆகஸ்ட்டில் வயநாடு மாவட்டம் மானந்தவாடி அருகே ஜீப் பள்ளத்தில் உருண்டு, வேலை முடிந்து திரும்பிய தேயிலைத் தோட்டப் பெண்கள் 9 பேர் இறந்தார்கள். மலையில் ஓடும் ஒவ்வொரு ஆள் ஏற்றும் ஜீப்பிலும் பிரேக்கும் ஸ்டியரிங்கும் சரியாக இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை அந்தச் சாவுகள் சொல்லிவிட்டன. அளவுக்கு மேல் ஆள் ஏற்றுவதும் தடுக்கப்பட வேண்டும். இதில் டிரைவர்களுக்கும் தோட்ட நிர்வாகங்களுக்கும் பொறுப்பு உண்டு.

சட்டமும் பழைய வண்டியை இரண்டு கண்ணால் பார்க்கிறது. 50 ஆண்டுக்கு மேலான, அசல் உருவில் உள்ள வண்டிக்கு "வின்டேஜ்" என்று தனி நம்பர் கொடுக்க 2021ல் விதி வந்தது. ஆனால் அதை அன்றாட வேலைக்கு ஓட்டக் கூடாது. உழைக்கிற பழைய வண்டிக்கோ கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. 15 ஆண்டு கடந்த சொந்தக் கார், ஜீப்பின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025ல் 10,000 ஆக்கப்பட்டது. சும்மா நிற்கிற கிழ வண்டிக்கு மரியாதை, உழைக்கிற கிழ வண்டிக்கு அபராதம் என்ற நிலைதான் இது. புகையும் விபத்தும் குறைய வேண்டும் என்ற அரசின் நோக்கம் சரியே. மாற்று வண்டி கிடைக்காத மலைக்காரர் என்ன செய்வார் என்பதையும் யோசித்திருக்கலாம்.

கம்பெனி தந்த அமைப்புக்கு முரணாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்ததும் கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். பாதுகாப்புக்கு அது தேவையான தீர்ப்பு. ஆனால் அசல் அமைப்பிலேயே வண்டி இருக்க வேண்டுமானால் அசல் பாகம் கடையில் கிடைக்க வேண்டாமா?

செய்ய வேண்டியது

இதற்கு வெளிநாட்டில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஜப்பானின் டொயோட்டா கம்பெனி தன் பழைய 40 வரிசை லேண்ட் குரூசருக்கு உதிரிப் பாகங்களை மறுபடி தயாரிப்பதாக 2021ல் அறிவித்தது. அதுவும் ஜீப்பைப் போலக் காடு மலையில் உழைத்த வண்டிதான். பழைய பெயரால் லாபம் காண்கிற கம்பெனி, அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்த வண்டிக்குச் செய்ய வேண்டிய கடமை இதுவே.

இந்தியக் கம்பெனிகளும் இதைச் செய்யட்டும். விசேஷ வண்டி விற்பதை யாரும் தடுக்க வேண்டாம். கூடவே, பழைய ஜீப்பின் பிரேக், ஸ்டியரிங், கியர்பாக்ஸ் பாகங்கள் அசலாக, நியாய விலையில், கட்டப்பனையிலும் மூணாறிலும் கிடைக்கும்படி செய்யட்டும். தோட்டத் தொழிலாளரைப் பாதுகாப்பாக ஏற்றிச் செல்லும் மலை வண்டி ஒன்றையும் தயாரிக்கட்டும். டூரிஸ்ட்டுக்கு ஜீப் ஓட்டும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். விரலுக்குத் தகுந்த வீக்கந்தான் வேண்டும். தவணைக்கு வண்டி எடுக்கும்போது ஸ்டிக்கருக்கும் தகட்டுக்கும் எவ்வளவு, என்ஜினுக்கும் சேசிஸுக்கும் எவ்வளவு என்று கேட்டு எடுங்கள். வட்டி இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆகவே, நாலு கோடி நியாயமா என்ற கேள்விக்குப் பதில் இதுதான். தொழிலாளியின் கைவேலைக்குப் போகிற பங்கு நியாயம். எண்ணிக்கையைச் சுருக்கி ஏற்றுகிற பங்கு, வாங்குகிறவன் விரும்பி ஏமாறுவது. அது அவன் பாடு. மலை ஏறிப் பெயர் வாங்கிய வண்டியை ஏ.சி. அறையில் நிறுத்திவைத்துத் துடைப்பவர் துடைக்கட்டும். மலையில் இன்னும் ஓடுகிற வண்டிக்கு ஒரு நல்ல பிரேக் கிடைக்காமல் போவதுதான் அநியாயம்.