நாற்பதுக்குமேல் ஓட்டமா?

நம்மவர்க்கு நாற்பது வயது நிரம்பிவிட்டால் மாடிப்படி ஏறுவதே பெரிய சாகஸமாகிவிடுகிறது. "இனி நமக்கென்ன!" என்று சாய்வு நாற்காலியைத் தேடுகிறோம். அப்படிச் சாய்ந்திருக்கும் அன்பர்களுக்காகவே இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரிப் பிரதேசத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம்.

அங்கே உயர்ந்த மொட்டைக் குன்றுகளை 'ஃபெல்' என்பார்கள். கெஸ்விக் என்னும் சிற்றூரில் விருந்தினர் விடுதி நடத்திவந்தவர் பாப் கிரஹாம். நாற்பதைத் தாண்டிய அவர், 1932 ஜூன் மாதத்தில் 24 மணி நேரத்துக்குள் 42 சிகரங்களை ஏறியிறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். தூரம் சுமார் 66 மைல். ஏற்றங்களை மட்டும் கூட்டினால் ஏறத்தாழ 27,000 அடி! 1960-ஆம் ஆண்டில்தான் மற்றொருவர் அதைச் செய்து முடித்தார். அதன்பின் ஆண்களும் பெண்களுமாக அநேகர் அவ்வழியே சென்றிருக்கின்றனர்.

இதற்குரிய அப்பியாசம் யாது? வேகமன்று, பொறுமையே. செங்குத்தான ஏற்றத்தில் தேர்ந்தவர்களும் நடந்தே செல்வார்கள். உண்மையில் காலைச் சோதிப்பது இறக்கம். உடலின் பாரத்தைத் தாங்கித் தாங்கித் தொடைத் தசைகள் நைந்துபோகும். வாரந்தோறும் குன்றிறங்கிப் பழகினாலன்றி அவை உறுதிப்படமாட்டா. ஓடிக்கொண்டே சிறிது சிறிதாக உண்ணவும், மூடுபனியில் திசையறியவும், இரவில் கற்களினிடையே அடிவைக்கவும் பல மாதங்கள் பழக வேண்டும். தனியே சென்றாலும் போதாது. ஒவ்வொரு சிகரத்திலும் உடனிருந்து சாட்சி சொல்லத் துணைவர் வேண்டுமென்பது அதற்கென ஏற்பட்ட சங்கத்தின் விதி. ஆகவே, இன்று பிறருக்குத் துணையாக ஓடுபவரே நாளை தமக்குத் துணை பெறுகிறார்.

அப்பிரதேசத்து ஆட்டிடையர் ஜாஸ் நெய்லரின் கதை இன்னும் வியப்பானது. இளமையில் முதுகு நோயால் ராணுவ சேவைக்குத் தகுதியற்றவரென்று தள்ளப்பட்டவர் அவர். 1975-இல் 24 மணி நேரத்துக்குள் 72 சிகரங்களைத் தொட்டார். 2006-இல், தம் எழுபதாம் வயதில், 70 சிகரங்களை ஒரே நாளுக்குள் முடித்தார்! 2024-இல் காலமானார். ஆடுகளின் பின்னே தினந்தோறும் மலையேறியதே அவர் பெற்ற பயிற்சி.

எல்லோரும் சிகரங்களுக்கு ஓட வேண்டுமென்று நாம் கூறவில்லை. வைத்தியரின் யோசனையோடு இன்று ஒரு மைல் நடக்கலாம். அடுத்த மாதம் ஊருக்கருகிலுள்ள குன்றில் ஏறலாம். பெற்றோர் நடந்தால் பிள்ளைகள் பின்னே ஓடிவருவார்கள். தேகாப்பியாசத்தைப் பற்றி வகுப்பில் நாம் நிகழ்த்தும் பிரசங்கங்களைக் காட்டிலும் அது அவர்களுக்கு நன்றாகப் புரியும். நேயர்களே, சாய்வு நாற்காலி எங்கும் ஓடிப்போகாது. நாம்தான் சற்று ஓடிவிட்டு வரவேண்டும்!