நாலு ஒண்டு

2023 நவம்பர் 25. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அலிக்விப்பா எண்ட சின்ன நகரம். அங்கத்தைய குடிநீர்ச் சபையின் பம்ப் நிலையம் ஒண்டில், நீர் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்ட கொன்ட்ரோலரின் திரையில் இஸ்ரேலுக்கு எதிரான மிரட்டல் வாசகம் வந்து நிண்டது. கொன்ட்ரோலர் இஸ்ரேல் கம்பனியான யூனிட்ரோனிக்ஸின் தயாரிப்பு. கைவைத்தது ஈரானோடு தொடர்புள்ள குழு. ஊழியர்கள் அதை நிப்பாட்டிப்போட்டு கையாலேயே பம்பை இயக்கினார்கள். தண்ணீருக்கு ஒண்டும் ஆகவில்லை.

பெரிய வித்தை ஏதும் நடந்திருக்கத் தேவையில்லை. அந்த வகைக் கருவிக்குக் கம்பனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்ட் 1111.

உடனே எல்லாரும் சொல்லுறது, "மாத்தியிருக்கலாமே, சோம்பேறிகள்" எண்டுதான். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. மாத்தாமலே வேலைசெய்ய விட்டது ஆர்? பாஸ்வேர்டைக் கட்டாயம் மாத்தவைக்கிற மென்பொருள் அடுத்த மாதமே வந்தது. அப்ப முதலே செய்திருக்கலாம்தானே.

சீமென்ஸின் எஸ்7-1500 கொன்ட்ரோலரில் நாலு படி இருக்கு: முழு அனுமதி, வாசிக்க மட்டும், இயக்குந்திரைக்கு மட்டும், ஒண்டுமே இல்லை. முந்தி நீங்கள் ஒண்டையும் தொடாமல் விட்டால் முழு அனுமதி. புதிய பதிப்புகளில் தொடாமல் விட்டால் முழுப் பூட்டு. எங்களுக்கு இதுதான் சரியாப் படுது.

ஆனால் பூட்டினால் மட்டும் போதாது. இராத்திரி ரெண்டு மணிக்கு மோட்டர் நிண்டுபோகுது. திரும்ப ஓடவைக்க பொறியியலாளரின் அனுமதி வேணும். அவர் போன் எடுக்கிறார் இல்லை. அடுத்த கிழமையே அவரின்ர பாஸ்வேர்ட் பனல் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும். ஒட்டினவரை நாங்கள் குறைசொல்ல மாட்டோம். ஆர் பெரியவர் எண்டு பார்த்து அனுமதியைப் பிரிச்சதால் வந்த வினை அது. ஆருக்கு என்ன வேலை எண்டு பார்த்துப் பிரிக்கவேணும். நிப்பாட்டுறதும் திரும்ப இயக்குறதும் பக்கத்தில் நிக்கிறவரின் கையில் இருக்கட்டும். புரோகிராமை மாத்துறது மட்டும் தனிப் பெயரில், தனிப் பூட்டில்.

பூட்டு இருந்தும் திறந்து கிடந்த கதையும் உண்டு. 2017இல் சவூதி அரேபியாவின் பெற்றோலிய இரசாயன ஆலை ஒண்டில், ஆபத்து வந்தால் ஆலையை நிப்பாட்டவேண்டிய டிரைகொனெக்ஸ் கொன்ட்ரோலருக்குள்ளேயே ஊடுருவினார்கள். அதில் பாஸ்வேர்ட் கூட இல்லை, கையால் திருப்புற உண்மையான சாவி. ஓட்ட நிலைக்குத் திருப்பி சாவியைக் கழட்டி வைச்சிருக்கவேணும். அது புரோகிராம் நிலையிலேயே விடப்பட்டிருந்தது.